ஜுஜுராணாவைத் தேடி: டெல்லியிலிருந்து திர்த்தன் வரை

வியாழன் இரவு, பஸ்ஸில்

காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறும்போது மணி எட்டு. அப்போதும் அனல் அடங்கவில்லை. மே மாதத்து டெல்லியை விட்டு ஓடுகிற கூட்டம் பஸ் நிறைய. பெரும்பாலும் மணாலி போகிறவர்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, விடிகாலையில் ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னாலேயே இறங்கிவிடுவோம். அங்கிருந்து இமாசலப் பிரதேசத்தின் திர்த்தன் பள்ளத்தாக்கு, அதற்கு மேலே கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா.

தேடிப் போவது ஒரு கோழியை. மயிலும் நம் ஊர்க் காட்டுக்கோழியும் சேர்ந்த ஃபெசன்ட் குடும்பத்தில் இதுவும் ஒன்று. பெயர் மேற்கு ட்ராகோபன். குல்லு மலைக்காரர்கள் ஜுஜுராணா, பறவைகளின் ராஜா என்கிறார்கள். கடவுள் எல்லாப் பறவைகளிடமும் ஆளுக்கொரு இறகு வாங்கி இதைச் செய்தார் என்று அங்கே ஒரு கதை உண்டு. பாகிஸ்தானின் கோஹிஸ்தான் மலைகளில் தொடங்கி காஷ்மீர், இமாசலம் வழியாக உத்தராகண்டின் மேற்குப் பகுதி வரை போகும் ஒரு குறுகலான மலைப்பட்டைதான் இதன் முழு உலகமும். அதற்கு வெளியே காட்டில் எங்குமே கிடையாது. 2007இல் இமாசலத்தின் மாநிலப் பறவையானது, அதுவரை அந்த இடத்தில் மோனால் என்ற இன்னொரு ஃபெசன்ட் இருந்தது.

மயூர் விஹாரிலிருந்து நாலு பேர் கிளம்பியிருக்கிறோம். எதிர்வீட்டு மாமா, மாமி, கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், நான். மாமா மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் முழுக்க ஓக்லா அணைப் பக்கம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வாத்து வாத்தாகக் காட்டியவர். எங்கள் எல்லோரையும்விட அவருக்குக் காது கூர்மை. இந்தப் பறவைக்குக் காதுதான் முக்கியம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

முர்த்தல் தாண்டியதும் மாமி பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தனி டப்பாவில் புளிக்காய்ச்சல், அது மலைக்கு. பக்கத்து சீட்டு சர்தார்ஜிக்கும் இரண்டு இட்லி போனது.

வெள்ளி, குஷைனி

ஔட்டில் இறங்கியதும் முகத்தில் அடித்த குளிர்காற்றுக்காகவே வந்திருக்கலாம். டாக்ஸி பிடித்து லார்ஜி வழியாக பன்ஜார், அங்கிருந்து குஷைனி. சாயி ரோபாவில் இருக்கும் பூங்கா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கினோம். வழிகாட்டி, சமையல்காரர், சாமான் தூக்க இரண்டு பேர், எல்லோரும் இந்தப் பள்ளத்தாக்கின் கிராமத்துக்காரர்கள். வழிகாட்டிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மாமாவை அங்கிள்ஜி என்கிறார், என்னை தீதீ, அதாவது அக்கா.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன் டெல்லி நண்பர் ஒருவர், “ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் கொண்டு போங்க, அதோட குரலைப் போட்டா தானா வெளியே வந்து நிக்கும்” என்று யோசனை சொல்லியிருந்தார். வழிகாட்டி எங்கள் பைகளைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான். “ஸ்பீக்கர் இருக்கா அங்கிள்ஜி?” இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. ஏப்ரல் முதல் ஜூன் வரை இதற்கு இனப்பெருக்கக் காலம். குரலைப் போட்டால், இன்னொரு சேவல் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து இது மறைவை விட்டு வெளியே வரும். மஞ்சள் தொண்டை மரநாயும் சிறுத்தையும் திரிகிற காடு. நமக்கு ஒரு படம் கிடைப்பதற்காக அதை வெட்டவெளியில் கொண்டு வந்து நிறுத்துவதா?

சனி, ரோலா

ஆற்றை ஒட்டியே ஏறும் சுமார் 10 கிலோமீட்டர் நடை. கஷ்டமில்லை. ரோலா 2,100 மீட்டர் உயரத்தில் பூங்காவின் வாசல்.

வழியில் ஒரு பாறை மேல் பழுப்பு டிப்பர் ஒன்று நின்றது. கையளவு பறவை. உடம்பை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, ஆற்றின் அடியிலேயே நடந்து இரை தேடி, மூன்றடி தள்ளி வெளியே வந்தது. இறகில் ஒரு சொட்டு ஒட்டவில்லை. அக்கா மகன் பையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் மாமா பூங்காவின் ஃபெசன்ட்களை உயரவாரியாகச் சொன்னார். இந்தப் பக்கத்து மலைகளில் உள்ள ஐந்து இனங்களும் இங்கே இருக்கின்றன. கிராமங்களை ஒட்டிய கீழ்க்காட்டில் கலீஜ். புல் மூடிய செங்குத்துச் சரிவுகளில் சீர். நடுக்காட்டில் கொக்லாஸ். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பில் மோனால். நம்ம ஆள் கோடையில் சுமார் 2,400 முதல் 3,600 மீட்டர் வரை, அதுவும் அடர்ந்த கீழ்ச்செடிக்குள். பனி பெய்தால் கொஞ்சம் கீழே இறங்கி வரும்.

ஞாயிறு, ஷில்ட்

இன்றைய ஏற்றம் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது. ரோலாவிலிருந்து ஷில்ட் சுமார் 3,100 மீட்டர், அதாவது அரை நாளில் ஒரு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறுவது. மாமி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். எழுபது வயது நெருங்குகிறது, தினமும் மூன்று மாடி படி ஏறுகிறவர்.

ஏற ஏறக் காடு மாறுவதை ஒவ்வொரு வளைவிலும் பார்க்கலாம். தேவதாரு பின்தங்கிவிடுகிறது. இங்கே ராய், தோஷ் என்று சொல்லும் ஊசியிலை மரங்களும், கர்சு என்கிற முள்ளிலை ஓக் மரமும் வருகின்றன. கர்சுவின் அடிமரம் முழுக்கப் பாசி. பொந்துகள் ஏராளம். இவற்றின் கீழே இடுப்பளவு, சில இடங்களில் ஆள் உயரத்துக்கு, ரிங்கால் மூங்கில். சுண்டுவிரல் பருமன்தான், ஆனால் கையை விட்டால் முழங்கைக்கு மேல் போகாத நெருக்கம்.

வழிகாட்டி ஒரு ரிங்கால் புதர் அருகே குந்தி உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார். தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் இளம் இலைகளின் நுனி மட்டும் பிய்க்கப்பட்டிருந்தது. கத்தரித்த மாதிரி நேராக இல்லை, அலகால் பிடித்து இழுத்துக் கிழித்த பிசிறு. பக்கத்திலேயே எச்சம், இன்னும் ஈரம் காயாமல். ஜுஜுராணா பெரும்பாலும் இலை, தளிர், மொட்டு தின்கிற பறவை. விதையும் பூச்சியும் கூடச் சேர்த்துக்கொள்ளும். சேவல் இரண்டு கிலோ வரை எடை வரும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எளிதில் பறக்காது, ஓடி ஒளியவே பார்க்கும். ஆகவே ஒளிய இடம் இருந்தால்தான் அது இருக்கும். மரங்கள் எல்லாம் நின்று, கீழ்ச்செடியை மட்டும் ஆடு மேய்ந்துவிட்டாலும் இந்தப் பறவை காலி. பச்சைப்பசேல் என்று தெரிகிற காடுகள் பலவற்றில் அது இல்லாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நாங்கள் தங்கும் குடிசைக்குச் சற்றுக் கீழே பெட்டை ஒன்று பாதையைக் கடந்தது. சருகு நிறம், மேலெல்லாம் மங்கிய வெள்ளைக் கீற்று. நானும் வழிகாட்டியும் மட்டும் பார்த்தோம். இவ்வளவுதான் சொல்ல முடிகிறது, அவ்வளவு சீக்கிரம் போய்விட்டது.

திங்கள், ஷில்ட்

நாலு மணிக்கு எழுப்பிவிட்டார் வழிகாட்டி. டார்ச் தரையை மட்டும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. மேலே ஒரு பாறைத் திட்டு வரை நடந்து, ஆளுக்கொரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தோம். கம்பளிக்குள்ளும் நடுக்கம். பிறைநிலா மறைந்திருந்தது.

முதலில் கொக்லாஸ். கரகரத்த குரலில் மூன்று நான்கு அதட்டல், எதிர்ச் சரிவிலிருந்து பதில். அது ஓய்ந்த இடைவெளியில், எங்களுக்கு இடப்பக்கம் கீழே, அது வந்தது.

க்வாஆஆ.

மூக்கால் இழுத்த ஓலம். தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி இருட்டில் கத்துவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். நாலைந்து வினாடி விட்டு மறுபடி. இன்னொரு தடவை. நான் அதுவரை ஒலிப்பதிவுகளில் மட்டுமே கேட்டிருந்தேன். பதிவில் வராதது அதன் கனம். காடு முழுவதும் அந்தச் சத்தத்துக்கு இடம் விட்டு நிற்பது போல் இருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் திசை காட்டினார். இடது கீழே ஒன்று. அதற்கு அப்பால், மெல்லிசாக, இன்னொன்று. அப்புறம் வலது பக்கம், ஓடைக்கு எதிர்க்கரையில். அக்கா மகன் ஃபோன் வெளிச்சம் இல்லாமல், காம்பஸ் முள்ளை விரலால் தடவிப் பார்க்காத குறையாக, நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

இந்தப் பறவையைக் கணக்கெடுப்பதும் இப்படித்தான். கண்ணால் எண்ண முடியாது. வசந்தகால விடிகாலைகளில் குறித்த இடங்களில் ஆட்கள் உட்கார்ந்து, எந்தத் திசையிலிருந்து எத்தனை சேவல் கூவுகிறது என்று காதால் எழுதிக்கொள்வார்கள். கூவாத பெட்டைகளை யாராலும் எண்ண முடியாது. மொத்தமாகச் சில ஆயிரம் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அழியக்கூடிய நிலையில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இது இருக்கிறது.

வெளிச்சம் பரவத் தொடங்கியபோது இடப்பக்கத்துச் சேவல் இன்னும் கூவிக்கொண்டிருந்தது. வழிகாட்டி என் தோளைத் தொட்டு, சாய்ந்து கிடந்த ஒரு கர்சு மரத்தைக் காட்டினார். நாற்பது ஐம்பது மீட்டர் இருக்கும். பாசி படிந்த அடிமரத்தின் மேல் கறுப்பாக ஒரு திரட்சி. பைனாகுலரில் பார்த்தால் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணலாம் போல. தலை கறுப்பு. கழுத்து முதலில் வெறும் இருட்டாகத்தான் தெரிந்தது. வெளிச்சம் கூடக் கூட அந்த இருட்டு சிவப்பானது, பிறகு மார்பின் மேல்பக்கம் ஆரஞ்சாக மாறியது. கண்ணைச் சுற்றி இறகில்லாத சிவப்புத் தோல். தொண்டையில் ஒரு கீற்று நீலம், கூவும்போது மட்டும் தெரிந்து மறைந்தது. ஒவ்வொரு தடவை கூவும்போதும் கழுத்து தடித்து உடம்பு முன்னால் சாய்ந்தது, சத்தமோ ஒரு கணம் தாமதித்து எங்களிடம் வந்து சேர்வதாகப் பட்டது.

அந்த நீலம் பெட்டைக்கு முன்னால் முழுதாக விரியும். ட்ராகோபன் சேவல்களுக்குத் தொண்டையில் மடித்து வைத்த தோல் உண்டு. பெட்டையைக் கவரும்போது அதை நீலமும் சிவப்புமாகத் தழைய விடும், தலையில் இரண்டு நீலக் கொம்புகள் நிமிரும். நாங்கள் பார்த்தது அந்தக் கோலத்தில் இல்லை. எனக்குக் குறையும் இல்லை.

ஆறேழு கூவலுக்குப் பிறகு நிறுத்திவிட்டு, மரத்தின் சாய்வில் மெதுவாக நடந்து இறங்கியது. கால் மாற்றி கால் வைத்து, அவசரமே இல்லாமல், ரிங்காலுக்குள் போய்விட்டது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிலோ பறவை உள்ளே போயிருக்கிறது, ஒரு மூங்கில் தண்டு கூட அசையவில்லை.

மாமி மட்டும் அழுதார். “இத்தனை அழகு, பாக்க ஆளே இல்லாத இடத்துல” என்றார். மாமா, “ஆளில்லாததாலதான் இருக்கு” என்றார்.

பகலில் குடிசைக்கு மேலே இருந்த புல்வெளியில் மோனால் தோண்டிய குழிகளைப் பார்த்தோம். கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. ஓரமெல்லாம் ஈர மண், நடுவில் பாதி கடித்து விட்ட ஒரு கிழங்கு. அலகே அதற்கு மண்வெட்டி. மோனால் சேவலின் கொண்டை இறகைக் குல்லாவில் சொருகிக்கொள்வது குல்லு ஆண்களின் பழைய வழக்கம். 1982இல் இமாசலம் வேட்டையையே தடை செய்த பிறகுதான் இந்தப் பறவைகளுக்கு மூச்சு வந்தது.

திங்கள் இரவு, அடுப்பங்கரை

இன்று இரண்டாவது பதிவு. இதைத் தூங்கி எழுந்து எழுதினால் சரியாக வராது.

சமையல்காரர் சித்து செய்தார். உள்ளே வால்நட் அரைத்து வைத்து ஆவியில் வேக வைத்த கோதுமை அப்பம், மேலே நெய். மாமி புளிக்காய்ச்சலைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார், இரண்டும் ஒத்துப்போனது. அப்படியே பேச்சு குச்சிக் காளானுக்குப் போனது. மழையும் இடியுமாக இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் காட்டுத் தரையில் முளைக்கிற காளான். காயவைத்தால் கிலோ பல ஆயிரம் ரூபாய். டெல்லி ஹோட்டல்களில் புலாவில் போடுகிறார்களே, அதுதான்.

சமையல்காரரின் அப்பா காலத்தில் பனி உருகியதும் குடும்பத்தோடு இங்கே வந்து தங்கிக் குச்சி பொறுக்குவார்களாம். ஒவ்வொரு புதராக விலக்கி, தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது. கூடவே நாய். அதே வாரங்களில்தான் ஜுஜுராணா முட்டையிடுகிறது. ஃபெசன்ட்கள் பெரும்பாலும் தரையில் கூடு வைக்கும். ட்ராகோபன் மட்டும் மரத்தில், பொந்து கிடைத்தால் பொந்தில். மூன்று முதல் ஐந்து முட்டை, சுமார் நாலு வாரம் அடைகாக்க வேண்டும். பெட்டை பயந்து கூட்டை விட்டுவிட்டால் அந்த வருடம் அதோடு போகவும் கூடும்.

1999இல் இது முறைப்படி தேசியப் பூங்கா ஆனபோது காளான், மூலிகை, மேய்ச்சல் எல்லா உரிமைகளும் நின்றன. பிரிட்டிஷ் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆண்டர்சன் என்ற அதிகாரி பதிவு செய்த உரிமைக்காரர்களின் வாரிசுகளுக்கு ரொக்கமாக இழப்பீடு கிடைத்தது. அந்தப் பதிவேட்டில் தாத்தா பெயர் இல்லாதவர்களும் இதே காட்டை நம்பித்தான் இருந்தார்கள். “பணம் ஒரு வருஷத்துல செலவாகிடும் தீதீ, காடு வருஷா வருஷம் கொடுத்துட்டு இருந்தது” என்றார் சமையல்காரர். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னார்.

அதே சமயத்தில் பார்வதி நீர்மின் திட்டத்துக்காக 10.6 சதுர கிலோமீட்டர் காட்டைப் பூங்கா எல்லைக்கு வெளியே எடுத்துவிட்டுத்தான் அறிவிப்பே வந்தது. பூங்கா 754.4 சதுர கிலோமீட்டர் என்று பலகையில் இருக்கும் எண், அந்தத் துண்டைக் கழித்த எண். அந்த மின்சாரம் வடஇந்திய கிரிட்டுக்குப் போகிறது. மயூர் விஹாரில் எங்கள் வீட்டு ஏசி ஓடுவதும் அந்த கிரிட்டில்தான். பறவைக்காக விலை கொடுத்தவர்கள் யார், கொடுக்காதவர்கள் யார் என்று இந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் தெரிகிறது. 2014இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்ற பெருமை வந்தது. நல்லதுதான். ஆனால் இன்று காலை நாங்கள் கேட்ட ஓலத்தில் இந்தக் குடும்பங்கள் விட்டுக்கொடுத்த வசந்தகாலங்கள் இருக்கின்றன. யாராவது அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

பெண்கள் சேமிப்புக் குழுக்கள் தொடங்கியதும், மலையேற்ற வேலை வந்ததும் கொஞ்சம் கைகொடுத்ததாக வழிகாட்டி சொன்னார். அவருக்கு வருமானம் இந்தப் பறவை உயிரோடு இருந்தால்தான். அவர் அப்பாவுக்கு அப்படி இல்லை.

புதன், மறுபடி பன்ஜார்

இறக்கம், மழை, ஈரத் துணி. சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும். சராஹனில் இருக்கும் வனத்துறைப் பண்ணையில் மேற்கு ட்ராகோபனைக் கூண்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு யாரும் எளிதில் செய்ய முடியாத வேலை. போகலாமா என்று அக்கா மகன் கேட்டான். நேரம் இல்லை, அடுத்த தடவை போகலாம் என்று வைத்திருக்கிறோம். காட்டில் விடுவதற்கு அங்கே பறவை தயாராக இருந்தாலும், விடுவதற்குக் காளான்காரரும் ஆடும் நாயும் நுழையாத ஒரு சரிவு வேண்டும். அது பண்ணையில் பொரிக்காது.

சனி, டெல்லி

வந்து சேர்ந்தோம். 43 டிகிரி.

கோயிலிலும் சங்கத்திலும் மாடிப்படியிலும் ஆளுக்கொரு கேள்வி. சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். கூவலைக் கேட்க ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும் நல்லது. அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும், நடைக்கு அருமை, ஆனால் இது வாய் திறக்காது. நாலைந்து பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். கலர் சட்டை வேண்டாம். டெல்லியிலிருந்தே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து ஆட்களையும் கூட்டிப் போகிற ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம், குஷைனியில் ஊர்க்காரர்களை வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். குச்சிக் காளான் யாராவது விற்றால், பூங்காவுக்குள் எடுத்ததா என்று கேளுங்கள். டெல்லிக் கடையில் வாங்கும்போதும் கேளுங்கள். கேள்வி வந்துகொண்டே இருந்தால் கடைக்காரர் யோசிப்பார்.

ஸ்பீக்கர் எடுத்துப் போகலாமா என்று இன்னமும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது.

அக்கா மகன் திங்கட்கிழமை விடிகாலை பதிவு செய்ததில் எட்டு நிமிடம் நன்றாக வந்திருக்கிறது. கொக்லாஸ், நம்ம சேவல், தூரத்துச் சேவல், நடுவில் மாமியின் ஒரு இருமல். அதை இங்கே போடப் போவதில்லை, அனுப்பச் சொல்லியும் கேட்காதீர்கள். ஒருவர் கைக்குப் போனது நாளைக்கு ஷில்ட்டில் யாருடைய ஸ்பீக்கரில் ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் மாமா வீட்டுக்கு வாருங்கள். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்காகத்தான் மாமா மலையின் படத்தைச் சார்ட்டில் வரைந்து, எந்த உயரத்தில் எந்தக் கோழி என்று வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார். காபி மாமி தருவார்.